மால் என்ற சொல்லும் ஒரு மாவு டப்பாவும்

எழுபதைக் கடந்தவனுக்குக் கோபம் ஆகாது என்கிறார்கள். நாள்தோறும் நீறு பூசிப் பதிகம் ஓதுகிறவனுக்கு அது அறவே ஆகாது என்கிறார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு மாவு டப்பாவின் முன்பக்கத்தை நம்பி, உடன் வாழ்ந்தவளைத் திருடி என்று சொன்னவன் நான். அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற விருப்பமும் எனக்கில்லை.

என் மனைவிக்கு இரு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வாசலில் யார் வந்தாலும் குரலைக் கேட்ட பிறகுதான் ஆள் தெரியும். குழம்பில் உப்புக்குப் பதிலாகச் சோடா மாவைப் போட்ட நாளில், அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அறுவை செய்தால் பார்வை திரும்பும் என்றார் கண் மருத்துவர். ஆனால் அவளுக்குப் பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய். அது ஓர் அளவுக்கு இறங்கினால்தான் கண்ணில் கத்தி வைக்க முடியும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். நாள் குறித்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை, தள்ளி வைத்தார்கள். மறுபடியும் நாள் குறித்தார்கள். அப்போதும் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதுதான் எங்கள் வீட்டுக் கேள்வியாக இருந்தது. வெள்ளைச் சர்க்கரையை வீட்டைவிட்டே ஒழித்திருந்தோம். சோற்றைக் குறைத்துவிட்டோம். மாத்திரைகளை நானே எண்ணிக் கையில் கொடுத்தேன். மாலையில் தேநீரை நிறுத்திவிட்டு, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் வாங்கிவந்த சத்துமாவைக் கலக்கிக் கொடுத்தேன். அந்த டப்பாவைத்தான் சொல்ல வேண்டும்.

டப்பாவின் முன்பக்கத்தில் முற்றிய கேழ்வரகுக் கதிர் ஒன்று தலை சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு கல் திருகை. அதன்மேல் ‘பாரம்பரியச் சிறுதானியச் சத்துமாவு’ என்று செம்மண் நிறத்தில் பெரிய எழுத்து. கீழே பட்டை போட்டு, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. ஓரத்தில் சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி. இவ்வளவையும் ஒரே டப்பாவில் கண்டவுடன் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கேழ்வரகு, திருகை, சைவம்! இதற்குமேல் ஒரு முதியவனை விலைக்கு வாங்க என்ன வேண்டும்?

பின்பக்கத்தையும் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். கடை வாசலில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, எறும்பு ஊர்ந்ததைப்போன்ற ஆங்கில எழுத்துகளை உற்றுப் பார்த்தேன். பட்டியலின் முதல் சொல் ‘மால்ட்’ என்று தொடங்கியது. அதோடு நிறுத்திக்கொண்டேன். ராகி மால்ட், கேரட் மால்ட் என்று நம் ஊரில் கடைக்குக் கடை விற்கிறார்கள். மால்ட் என்றால் முளைகட்டிய தானியம் என்பது எனக்குத் தெரியும். முளைகட்டிய தானியம் நல்லது என்பதும் தெரியும். தெரிந்ததைக் கண்டவுடன் கண் மேலே போகாது. அறியாமையைவிட அறிந்தோம் என்ற எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. ஏனென்றால் நான் செய்துவந்த ஒரே நல்ல காரியம் சொற்களைப் பிரித்துப் படிக்கக் கற்றுத் தந்ததுதான். எங்கள் சுரங்க நகரியத்துச் சிவன் கோயிலில் வாரந்தோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பதிகம் ஓதுகிறோம். பழைய பாட்டில் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து கிடக்கும். தவறான இடத்தில் வெட்டினால் பொருள் தலைகீழாகும். யாராவது பாதிச் சொல்லில் மூச்சு வாங்கினால் நான் தாளத்தை நிறுத்திவிடுவேன். “சொல்லை முடியுங்கள், பிறகு மூச்சு விடுங்கள்” என்பேன். அந்தக் குழுவில் எனக்கு அதற்காகவே ஒரு பெயர் உண்டு. என் காதுபடச் சொல்ல மாட்டார்கள்.

அப்படிப்பட்டவன் ‘மால்ட்’ என்ற இடத்தில் மூச்சு விட்டேன்.

மனைவி முதல் நாளே ஐயப்பட்டாள். கண் தெரியாவிட்டாலும் அவளுக்குக் கை தெரியும்.

“என்னங்க, இது வெந்நீரில போட்ட உடனே கரையுது. கேழ்வரகு இப்படிக் கரையுமா?”

“இப்போதெல்லாம் மெஷினில் நைசாக அரைக்கிறார்கள்.”

“எவ்வளவு நைசா அரைச்சாலும் கேழ்வரகு கேழ்வரகுதான். அடுப்பில வச்சுக் கிண்டணும், கட்டி தட்டும், அடி பிடிக்கும். இது பவுடர் பால் மாதிரில்ல இருக்கு. என்ன போட்டிருக்கான்னு நல்லாப் படிச்சுப் பாருங்க.”

“படித்துவிட்டேன். மால்ட். முளைகட்டிய தானியம்.”

“மாலா? அப்ப பெருமாள் சரக்கு. சைவ வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?” என்று சிரித்துக்கொண்டே குடித்தாள். நானும் சிரித்தேன்.

அதோடு விட்டேனா? எதையும் இறைவனுக்குப் படைக்காமல் உண்ணும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே மாலை வழிபாட்டில் அந்தக் கலக்கலைச் சிறு வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து, நீர் சுற்றி, கண்மூடி நின்று, பிறகே அவளிடம் கொடுத்தேன். பிரசாதம் என்று அவள் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தாள். 

இரண்டாவது முறை நாள் தள்ளியபோது மருத்துவரே என்னிடம் கேட்டார். “வேற ஏதாவது குடிக்கிறாங்களா ஐயா? பவுடர், ஹெல்த் டிரிங்க் மாதிரி?”

“சத்துமாவு. சர்க்கரை சேர்க்காதது.”

“அந்த டப்பாவை ஒருதடவை எடுத்துட்டு வர்றீங்களா? பார்த்துடலாம்.”

“தேவையில்லை டாக்டர். நானே படித்துவிட்டேன்” என்றேன்.

சிவனின் அடியைத் தேடி மண்ணைத் தோண்டிக்கொண்டு போன மால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டான். முடியைத் தேடிப் பறந்த அயன், அந்தப் பிரமன்தான், காணாததைக் கண்டேன் என்றான். அதற்குத் தாழம்பூவைச் சாட்சிக்கும் அழைத்து வந்தான். இந்தக் கதையை எத்தனை முறை கோயிலில் விரித்துச் சொல்லியிருப்பேன்! மருத்துவரின் முன் நான் அயனாக நின்றேன். டப்பாவின்மேல் இருந்த கேழ்வரகுக் கதிர் என் தாழம்பூ.

“அப்ப அம்மா வேற ஏதோ சாப்பிடுறாங்கபோல. கொஞ்சம் கவனிங்க” என்றார் மருத்துவர். அவர்மேல் குற்றம் இல்லை. நான் கொடுத்த பொய்ச் சாட்சியின்மேல் அவர் தீர்ப்புச் சொன்னார்.

அது பலாப்பழக் காலம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலம் வந்தால் மறைக்க முடியாது. சாலையோரமெல்லாம் பழத்தைப் பிளந்து வைத்திருப்பார்கள். பேருந்துக்குள் வாசம் வரும், சட்டையில் ஒட்டும். மருத்துவரைப் பார்த்துவந்த மூன்றாம் நாள், கோயிலிலிருந்து சைக்கிளில் திரும்பிக் கதவைத் திறந்தேன். கூடத்தில் பலா வாசம். அவள் கட்டிலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை சுளை?” என்றேன்.

“எதுக்கு?”

“எத்தனை சுளை தின்றாய் என்று கேட்கிறேன்.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டாந்துச்சு. எனக்கு ஆகாதும்மான்னு திருப்பிக் குடுத்தனுப்பினேன். தட்டை வாங்கின கையைத் தொடைக்கிறேன்.”

“திருடித் தின்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.”

சொல்லிவிட்டேன். நாக்கு தவறிவிட்டது, என்ன செய்வது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நாக்குக்கு எலும்பில்லை; சொன்னவனுக்கு இருந்தது.

நாங்கள் நெல்லைச் சீமையின் பொருநைக் கரையிலிருந்து சுரங்க வேலைக்காக இங்கே வந்தவர்கள். இந்த நகரியத்தில் எல்லா மாவட்டத்துப் பேச்சும் கலந்து, எங்கள் பேச்சும் ஊர் அடையாளம் இழந்துவிட்டது. கோபம் உச்சத்துக்குப் போனாலோ மனம் நெகிழ்ந்தாலோ அவளுக்கு ஊர்ப் பேச்சு திரும்பும்.

“என்ன சொல்லுதிய? திருடியா? சரி. நாளையிலிருந்து நீங்க எங்கேயும் போவாண்டாம். கோயிலுக்கும் போவாண்டாம். எம் முன்னால உக்காந்து காவல் இருங்க. நான் வாயைத் தொறக்குற நேரமெல்லாம் பாருங்க. தூங்கும்போதும் பாருங்க. என்ன தின்னுதேன்னு உங்க சாமிகிட்டயே சொல்லுங்க.”

வீம்புக்காக நானும் உட்கார்ந்தேன். ஏழு நாள். ஒரு மனிதன் தன் மனைவியின் எதிரே நாற்காலி போட்டு, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதைவிட இழிவான காட்சி இருக்க முடியாது. அதை நான் செய்தேன். அவள் என்னோடு பேசவில்லை. வேளைக்கு வைத்ததை உண்டாள். மாத்திரையைக் கேட்டு வாங்கினாள். விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தது. வேளைக்கு ஒருமுறை விரலை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் குறித்துவைத்தேன்.

ஏழு நாள் குறிப்பையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பணி ஓய்வுக்குப்பின் தூங்கிப் போயிருந்த ஒரு புத்தி விழித்தது. சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியைச் சாம்பிள் எடுத்து, உலர்த்தி, எரித்து, தண்ணீர் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று எழுதுவது என் வேலை. பார்த்தால் கட்டி, உலர்த்தினால் பாதிக்குப் பாதி தண்ணீர். பார்வையை நம்பாதே, பிரித்துப் பார் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் புத்தியோடு பார்த்தேன். காலையில் சர்க்கரை அடங்கி இருந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகும் பயப்படும்படி இல்லை. மாலை வழிபாடு முடிந்து, கிண்ணத்தைக் குடித்த பிறகு, ஏழு நாளும் துள்ளி ஏறியிருந்தது.

இடையில் அவள் வேறு எதையும் வாயில் வைக்கவில்லை. அதற்குச் சாட்சி நானே.

பழைய உரைநூல்களின் பொடி எழுத்தைப் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி வைத்தேன். இம்முறை எழுத்தெழுத்தாகப் படித்தேன். மால்ட் அன்று. மால்ட்டோடெக்ஸ்ட்ரின். ஒரே சொல். நான் பாதியில் வெட்டிய சொல்.

பின்பாதி எனக்குப் புதிதன்று. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சாம்பிள் உறைகளின்மேல் சீட்டு ஒட்டப் பயன்பட்ட பசைக் குப்பியில் டெக்ஸ்ட்ரின் என்றுதான் எழுதியிருக்கும். மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. டப்பாவில் இருப்பது பசை என்று நான் சொல்லவில்லை; இது உண்பதற்கென்று இன்னும் நுணுக்கமாக உடைத்த உறவுக்காரச் சரக்கு. மாவுச்சத்தை முன்கூட்டியே உடைத்துவிட்டால் உடம்புக்கு வேலை இல்லை. போன வேகத்தில் இரத்தத்தில் சர்க்கரையாக நிற்கும். நாவில் அவ்வளவாக இனிக்காது. பெயரிலும் சர்க்கரை இராது. ஆகவே ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற பட்டை தன்னளவில் மெய். கேழ்வரகு பட்டியலில் ஐந்தாவதாக நின்றது, வாசனைப் பொடிக்குச் சற்று முன்னால். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி என்று பிறகு அறிந்தேன். விதிப்படியே எழுதியிருந்தார்கள். படிக்க முடியாத அளவில் எழுதியிருந்தார்கள்.

பொய் சொல்பவனை மன்னித்துவிடலாம். அவனுக்கு உள்ளூர ஓர் அச்சம் இருக்கும். மெய்யைக் கொண்டே பொய் சொல்பவனுக்கு அந்த அச்சமும் இல்லை. திருகைப் படத்தை எழுதியவனுக்குத் தெரியாதா, அந்த மாவு திருகையைக் கண்டதில்லை என்று? கதிரை இரண்டு விரல் உயரத்துக்கும், சேர்மானப் பட்டியலைக் கடுகு உயரத்துக்கும் எழுதச் சொன்னவர் வீட்டில் சர்க்கரை நோயாளியே கிடையாதா? சர்க்கரை சேர்க்காதது வேண்டும் என்று தேடி வருகிறவர் யார்? நோயாளி. கண் மங்கியவர். எனக்கு ஆகாது என்று அஞ்சி விலகி வந்தவர். அவர் அஞ்சி ஓடி வரும் வாசலிலேயே வலையைக் கட்டியிருக்கிறார்கள். இறைவனைப் பாடும் பழைய பாட்டுகளில் மால் என்ற சொல்லுக்குத் திருமால் என்பதோடு மயக்கம் என்றும் பொருள் உண்டு. அவள் வேடிக்கையாக மாலா என்று கேட்டபோதே, பொருள் சொல்லத் தெரிந்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

அவளிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், எங்கே வெட்டினேன் என்பதையும் சொன்னேன். மன்னித்துவிடு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. அன்று அதையும் சொன்னேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு, “கரையுதுன்னு நான் சொன்னேன்லா?” என்றாள்.

“சொன்னாய்.”

“தின்னலைன்னும் சொன்னேன்.”

“சொன்னாய்.”

“கூட இருக்கிறவ சொன்னது காதில ஏறலை. டப்பா சொன்னது ஏறிட்டு.”

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். கடைக்காரர் அந்தப் பக்கத்து மனிதர், எனக்கு நெடுநாள் பழக்கம். டப்பாவை அவர் மேசையில் ஓங்கி வைத்தேன். தராசு ஆடியது.

“இன்னாங்க அய்யா, டப்பாவப் போட்டு ஒடைக்கிறீங்க?”

“இதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா உங்களுக்கு?”

“சத்துமாவு. படம் போட்டுக்கிதே.”

“படத்தைத் தின்ன முடியுமா?”

“அய்யா, நா இன்னா பண்றது? வண்டியில கொண்டாந்து எறக்கிட்டுப் பூடறான். ஜனங்க மூஞ்சியப் பாத்துக்கினு எடுத்துக்கினு போவுதுங்க. முதுகப் பாத்து யாரு வாங்கறாங்க? பொண்ணு பாக்கப் போனாக்கூட முதுகயா பாக்கறோம்?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பட்டியலை விரல் வைத்துப் படித்து, பொருள் சொன்னேன். மால் தொடங்கி ரின் வரைக்கும் ஒரே சொல்லாகப் படித்தேன்.

அவர் முகம் மெல்ல மாறியது. டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வூட்ல அம்மாவுக்கும் இத்தத்தாங்க காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி கலக்கிக் குடுக்கறோம். அவங்களுக்கும் சுகருதான்.” டப்பாவைக் கீழே வைத்து, “கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது” என்றார்.

யாரைத் திட்டுவதற்காக மூன்று கிலோமீட்டர் மிதித்து வந்தேனோ, அந்த ஆளும் வலைக்குள்தான் இருந்தார். அது என் கோபத்தைத் தணித்தது என்று நினைக்க வேண்டாம். இருமடங்காக்கியது. விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். அறிந்தவன் எங்கோ இருந்து வண்டியில் அனுப்புகிறான். டப்பாவில் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். உணவுத் துறை அலுவலகத்துக்கு அதன் படி ஒன்று. கம்பெனியிலிருந்து வந்த பதிலில், தங்கள் நம்பிக்கைக்கு நன்றி என்று இருந்தது. துறையிலிருந்து இன்னும் வரவில்லை.

மாலைக் கலக்கலை நிறுத்தினோம். கேழ்வரகை வாங்கி, கழுவி, காயவைத்து, மில்லில் நானே நின்று அரைத்து வந்தேன். அவள் கிண்டினாள், கட்டி தட்டியது, அடி பிடித்தது. “இது கேழ்வரகு” என்றாள். அதையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தரவில்லை. சில வாரங்களில் சர்க்கரை இறங்கியது. மருத்துவரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டி, நான் அன்று படித்துவிட்டேன் என்று சொன்னது பொய் என்றேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவதாகக் குறித்த நாள் தள்ளவில்லை.

கட்டுப் பிரித்து, சொட்டு மருந்துக் காலம் முடிந்து, புதுக் கண்ணாடி வந்தது. பார்வை திரும்பியதும் அவள் முதலில் படிக்க விரும்புவது என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பதிகப் புத்தகத்தை எடுத்து, பட்டுத் துணியை விலக்கி, அவள் மடியில் வைத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றி, பக்கத்தில் வைத்துவிட்டாள்.

“அந்த டப்பாவ எடுங்க.”

அதை நான் எறியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தைக் கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வந்தாள். “எம்... ஏ... எல்... டி. மால்ட்டு.” விரல் நின்றது. “இங்கனதான் நிறுத்தினியளோ?”

“ஆமாம்.”

“பின்னால இம்புட்டு கெடக்கே!”

  முழுச் சொல்லையும் அவள் படித்து முடிக்கும்வரை எதிரே நின்றேன். கோயிலில் என் முன்னால் மற்றவர்கள் நிற்பதைப்போல.

“இனிமே கடையில வாங்குறது எதுவா இருந்தாலும் முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டணும். முழுசா. அப்புறம்தான் சாமிக்கு” என்றாள்.

அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. சென்ற வாரம் அதே கடையில் ஒரு பொடிப் பொட்டலத்தை எடுத்துப் புரட்டினேன். சேர்மானப் பட்டியலின்மேல் சரியாக அந்த இடத்தில் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். பொட்டலத்தில் வேறு எங்கும் இடமில்லாததைப்போல. கூட்டமாக இருந்தது, பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நான் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, நகத்தால் சீட்டின் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினேன்.

“அய்யா, பாத்துங்க, கவரு கிழிஞ்சிடப் போவுது” என்றார் கடைக்காரர்.

“கிழியட்டும்” என்றேன்.